முனை இடப்பக்கம் பார்க்கும் முக்கோணம்

ஒரு அடுக்குத் துணி மடித்து முடிந்ததும் சிவகலா மேசையில் விரலால் ஒரு முக்கோணம் கீறுவாள். எங்கள் சலவைக்கூடத்து மேசைகள் இரும்பு மேசைகள். நீராவி பட்டு அவற்றில் எப்போதும் மெல்லிய ஈரம் இருக்கும். முதலில் முனை வலப்பக்கம் பார்க்கிற மாதிரி ஒன்று கீறுவாள். உடனே உள்ளங்கையால் அதை அழிப்பாள். அழித்த இடத்திலேயே முனை இடப்பக்கம் பார்க்க இன்னொன்று. அதை அழிக்கமாட்டாள். அது தானாகக் காய்ந்து போகும். பிறகு அடுத்த அடுக்குக்குக் கை போகும்.

இதை நான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பனிக்காலத்தில் பஸ் கண்ணாடியிலும் கீறுவாள். அங்கேயும் அதே ஒழுங்குதான். ஒன்றை அழித்துவிட்டு மற்றது. எங்களுக்கு மேலாளாக இருக்கும் லூர்தெஸ் போர்த்துக்கல்காரி. அவள் தொடக்கத்தில் இதை ஏதோ எங்கள் சமயத்துக் குறி என்று நினைத்தாள். தன்னுடைய ஊர்க் கோயிலில் முக்கோணத்துக்குள் கடவுளின் கண் இருக்கும் என்றும், சிவகலா கண்ணைப் போட மறந்துவிடுகிறாள் என்றும் ஒருநாள் எனக்குச் சைகையால் விளங்கப்படுத்தினாள். நானும் தலையாட்டினேன். அது என்னவென்று சைகையால் சொல்ல எனக்குத் தெரியாது.

பிரெஞ்சு பேசுகிற லோசான் நகரில் மேட்டின்மேல் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நிலக்கீழ்த் தளத்தில்தான் எங்கள் வேலை. சிவகலா 1985 ஐப்பசியில் அங்கே வந்தாள். எனக்கு எதிரே நின்று விரிப்பின் மற்றத் தலைப்பைப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. தமிழ்ப் பிள்ளை என்றபடியால் லூர்தெஸ் அவளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். இருபத்தைந்து வயது இருக்கும். மெலிந்த கை. தலைமயிரை வலைத்தொப்பிக்குள் அடக்கத் தெரியாமல் முதல் கிழமை முழுக்கச் சிரமப்பட்டாள்.

சத்திரசிகிச்சை அறைக்குப் போகிற பச்சைத் துணிகள்தான் எங்கள் பங்கு. கத்தி, கத்தரிக்கோல் போன்ற ஆயுதங்களைச் சுற்றிக் கட்டுகிற துணிகள் அவை. நாலு பக்கமும் ஒரே அளவு. ஒரு மூலையில் ஆஸ்பத்திரியின் முத்திரை இருக்கும், அதன் நடுவில் ஒரு சிலுவையும் சுற்றிவர எழுத்தும். மடித்து முடித்தால் அந்த முத்திரை மேலே வலது மூலையில் தெரியவேண்டும். இல்லாவிட்டால் கட்டு முழுவதும் திரும்பி வரும். ஆகவே மடிக்கமுன் துணியைத் திருப்பவேண்டும், சிலவேளை புரட்டவும் வேண்டும். பழகியவர்களுக்குக் கை தானாகப் போகும்.

ஒருநாள் அவள் துணியைப் புரட்டி, திருப்பி, மறுபடி புரட்டிவிட்டு, தனியே சிரித்தாள்.

"என்ன பிள்ளை, துணியில பகிடி எழுதிக் கிடக்கோ?"

"இல்லையக்கா. மூண்டு வருசமாக் கடதாசியில படிச்சதை இப்பதான் கையால தொடுறன்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என்னிடம் போய் இதைச் சொல்கிறோமே என்று அவள் யோசிக்கிறாளோ என்று பார்த்தேன். அவள் அப்படி யோசிக்கவில்லை. துணியை மேசையில் விரித்தாள்.

"இதைப் பாருங்கோ. துணியைத் தூக்கி, இருந்த அதே சதுரத்தில திரும்ப வைக்கவேணும். எத்தனை விதமா வைக்கலாம்? திருப்பி வைக்கலாம், புரட்டியும் வைக்கலாம். எல்லாத்தையும் சேர்த்தா அது ஒரு பெரிய கூட்டம். திருப்பிறதை மட்டும் எடுத்தா அதுக்குள்ள ஒரு சின்னக் கூட்டம். சரியோ?"

"ஓம்."

"இப்ப முதல் புரட்டுங்கோ. இனி ஒரு மூலை வலப்பக்கம் திருப்புங்கோ. இனித் திரும்பப் புரட்டுங்கோ. என்ன நடந்திருக்கு?"

நான் முத்திரையைப் பார்த்தேன். துணி நல்ல பக்கம் மேலே இருந்தது. முத்திரை ஒரு மூலை இடப்பக்கமாகத் தள்ளிப் போயிருந்தது.

"புரட்டினதே தெரியேல்லை. சும்மா திருப்பினமாதிரித்தான் கிடக்கு."

"அதுதான் அக்கா. நடுவில என்னத்தைச் செய்து போட்டு வந்தாலும், திருப்பல் திருப்பலாத்தான் வருது. வலம் இடமா மாறும். ஆனால் அந்தச் சின்னக் கூட்டத்தை விட்டு வெளியால போகாது. எல்லாச் சின்னக் கூட்டமும் இப்பிடி இராது. இந்த மூலையில இருந்து அந்த மூலைக்குப் புரட்டிற புரட்டலை மட்டும் தனிய எடுத்துப் பாருங்கோ. முதல் ஒருக்காத் திருப்பிப்போட்டு, புரட்டி, திரும்பப் பழையபடி திருப்பினா, அது மற்ற மூலைப் புரட்டலாப் போயிடும். அது குலைஞ்சு போற கூட்டம். இது குலையாத கூட்டம்."

அதற்குச் செவ்வன் உபகூட்டம் என்று பெயர் சொன்னாள். பெயர் எனக்கு மனதில் நிற்க நாள் எடுத்தது. குலையாத கூட்டம் என்பது உடனே நின்றுவிட்டது. பிறகு மேசை ஈரத்தில் இடப்பக்கம் ஒரு சின்ன வட்டமும் வலப்பக்கம் ஒரு பெரிய வட்டமும் போட்டு, நடுவில் ஒரு முக்கோணம் கீறினாள். முனை பெரிய வட்டத்தைப் பார்த்தது.

"சின்னது பெரிசுக்குள்ள குலையாமல் இருக்குது எண்டதுக்கு இதுதான் அடையாளம்."

அன்று அவள் கீறியது ஒரு முக்கோணம் மட்டுந்தான். ஒன்றை அழித்து மற்றதைக் கீறுகிற பழக்கம் பிறகு வந்தது.

சிவகலாவின் ஊர் சுழிபுரம். பல்கலைக்கழகத்தில் கணிதம் சிறப்புப் பாடமாகப் படித்தவள். நாலு வருடப் படிப்பில் மூன்று முடிந்தது. மிச்சம் ஒன்று. அதற்குள் நாடு குழம்பி, வகுப்புகள் நடந்த நாளைவிட நடக்காத நாள் கூடிப்போக, வீட்டில் பயந்து கலியாணம் பேசி இங்கே அனுப்பிவிட்டார்கள். கணவன் இராஜேந்திரன் எண்பத்து மூன்றிலேயே இங்கே வந்துவிட்டவர். ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற பல்கலைக்கழகத்துக் கன்ரீனில் அப்போது கோப்பை கழுவினார். நல்ல மனிதர், வாய் சும்மா இராது.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அந்த மிச்ச ஒரு வருடத்தை இங்கே எங்காவது முடித்துவிடவேண்டும். படித்ததற்குச் சான்று ஒன்றும் கையில் இல்லை. எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. "மூண்டு வருசம் எங்கையும் போகேல்லை அக்கா, தலைக்குள்ளதான் கிடக்கு. ஆராவது இறக்கி வைக்கச் சொன்னா இறக்கி வைப்பன்" என்பாள். யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இராஜேந்திரன் மேலங்கிப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். வாய் துடைக்கிற கடதாசி. நாலாக மடித்திருந்தது.

"கலா, இஞ்ச பாரும். உம்மட முக்கோணம் இஞ்சயும் வந்து சேர்ந்திட்டுது."

கன்ரீனில் ஒரு கணிதப் பேராசிரியர் தினமும் தனியே இருந்து சாப்பிடுவாராம். சாப்பிட்டுக்கொண்டே வாய் துடைக்கிற கடதாசியில் எழுதுவாராம். எழுதிவிட்டு அதிலேயே வாயைத் துடைத்துத் தட்டில் போட்டுவிட்டுப் போவாராம். அப்படி வந்த ஒன்றில் முக்கோணத்தைக் கண்டு, மனைவிக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தார்.

சிவகலா கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினாள். ஆங்கில எழுத்தில் ஒரு ஏ, அதன் காலடியில் ஒரு சின்ன நாலு. பிறகு முக்கோணம். பிறகு ஒரு எஸ், அதற்கும் ஒரு சின்ன நாலு. அவள் கன நேரம் பார்த்தாள்.

"பிழையா எழுதியிருக்கிறார்."

"ஆர், பேராசிரியரோ?"

"முனை மற்றப் பக்கம் நிக்குது. இதில ஏ தான் சின்னக் கூட்டம், அது இடப்பக்கம் இருக்கு. முனை சின்னதைப் பாக்குது. இப்பிடி எழுதினா பெரிசு சின்னதுக்குள்ள எண்டு வரும்."

"அந்தாள் சாப்பிட்டுக்கொண்டு எழுதினது. குழம்பு பட்டுத் திரும்பியிருக்கும்."

"பகிடி விடாதேங்கோ. பேனை ஒண்டு தாங்கோ."

அவள் அந்த முக்கோணத்தை வெட்டிவிட்டு, மேலே முனை வலப்பக்கம் பார்க்க ஒன்று கீறினாள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள். ஐயா, முக்கோணம் மறுபக்கம் பார்க்கவேண்டும் என்று எழுதியதாகச் சொன்னாள். கடதாசியை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்தாள்.

"நாளைக்கு அவற்ற தட்டில வையுங்கோ."

"விசரோ உமக்கு? நான் அங்க கோப்பை கழுவுறவன். கணக்குத் திருத்திறவன் இல்லை."

"வையுங்கோ எண்டன்."

என்னைப் பார்த்தார் இராஜேந்திரன். நான் சோற்றைப் பார்த்தேன். அவர் கடதாசியை எடுத்துப் பையில் வைத்தார். ஏன் வைத்தார் என்று பிறகொரு நாள் எனக்குச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவள் ஒன்றை அவ்வளவு உறுதியாகச் சொன்னது அன்றைக்குத்தானாம்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். வேலை போய்விடுமோ என்ற பயம் முகத்தில் இருந்தது. பேராசிரியர் கடதாசியை விரித்துப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கே வந்துவிட்டாராம். இதை எழுதியது யார் என்று கேட்டாராம். கை முழுக்கச் சவர்க்கார நுரையோடு இவர் "என் மனைவி" என்று சொல்ல, அவர் சிரித்தாராம். வருகிற புதன்கிழமை அவளைத் தன்னுடைய அறைக்கு வரச் சொன்னாராம்.

"சிரிச்சவர் எண்டா நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"அக்கா, சிரிப்பில ரெண்டு சாதி இருக்கு. இது எந்தச் சாதி எண்டு எனக்குப் பிடிபடேல்லை."

சிவகலாவுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. பேராசிரியர் நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார், அந்த நேரம் பார்த்து மிச்ச ஒரு வருடத்தைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தாள். கேட்கவேண்டிய ஆங்கில வசனத்தை விரிப்பு மடிக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். இராஜேந்திரனுக்கு வேலை நேரம். அதனால் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் போய் என்ன செய்யப்போகிறேன் என்றேன். "சும்மா இருங்கோ அக்கா, அது போதும்" என்றாள்.

பேராசிரியர் மொறே உயரமான மனிதர். கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஓட்டை. எங்களைக் கண்டதும் எழுந்து கதிரைகளை அவரே இழுத்துப் போட்டார். நான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர்கள் கதைத்தது எனக்கு விளங்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். கதையும் அதிகம் இருக்கவில்லை. அவர் எழுந்து அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். விரலை ஒரு இடத்தில் ஊன்றினார். பிறகு இன்னொரு புத்தகம். அதற்குமேல் இன்னொன்று. நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். எல்லா முக்கோணமும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் கேலி செய்யவில்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். அவருடைய முகத்தில் இருந்தது பிள்ளைத்தனமான சந்தோசம், ஒரு விநோதமான தபால் முத்திரையைக் கண்டவரின் சந்தோசம். ஆனால் சிவகலா அவருடைய முகத்தைப் பார்க்கவேயில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். அவர் ஏதோ கேட்டார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டிருக்கவேண்டும், அவள் ஊரின் பெயரைச் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு எழுந்தாள். நன்றி சொன்னாள். பேராசிரியரும் அவசரமாக எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாங்கள் அதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னாள்.

"எல்லாப் புத்தகத்திலயும், அக்கா. ஒண்டு ரெண்டிலயெண்டாலும் என்ர பக்கம் இருக்கக்கூடாதோ?"

"கேக்க வந்ததைக் கேட்டனீரோ?"

"எதைக் கேக்கிறது? குறி போடத் தெரியாதவள் கடைசி வருசத்துக்கு இடம் கேக்கிறதோ?" பிறகு, "கணக்கில இது சின்னன் அது பெரிசு எண்டு போடுற அடையாளத்திலயும் கூர் சின்னதைத்தானே பாக்குது" என்றாள். "அது கூட எனக்கு ஒருநாளும் ஓடேல்லை."

பஸ் கண்ணாடியில் நல்ல பனி இருந்தது. அவள் அதில் ஒன்றும் கீறவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மேசையிலும் கீறவில்லை. துணியை என்னைவிட வேகமாக மடித்தாள். லூர்தெஸுக்குச் சந்தோசம். எனக்கு அது பார்க்க நன்றாக இல்லை. இராஜேந்திரன் தெருவில் கண்டபோது, "வீட்டில றேடியோ பழுதாப்போனமாதிரிக் கிடக்கு அக்கா. முந்தி நான் கதைச்சா நிப்பாட்டச் சொல்லுவா. இப்ப நிப்பாட்டச் சொல்லவும் ஆளில்லை" என்றார். பிழை தன்னுடையது என்றும், கடதாசியைத் தான் கொண்டு வந்திருக்கக்கூடாது என்றும் சொன்னார்.

அவளை வருத்தியது வெட்கம் மட்டும் இல்லை. மூன்று வருடமும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அவளோடு படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு குறி முழுவதும் பிழை என்றால், அந்தக் குறியை வைத்துப் படித்ததில் எது சரி என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தலைக்குள் பத்திரமாகக் கிடக்கிறது என்று நம்பியிருந்ததை அவள் இப்போது தொட்டுப் பார்க்கவும் பயந்தாள்.

தை மாதத்தில் உலர்த்துகிற இயந்திரம் ஒன்று பழுதாகிவிட்டது. துணிகள் அரை ஈரமாக வந்தன. ஆஸ்பத்திரி காத்திருந்தபடியால் அப்படியே மடித்து, பிறகு அழுத்துகிற இயந்திரத்துக்குக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் லூர்தெஸ் ஒரு அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் போட்டாள். எல்லாம் உள்பக்கம் வெளியே இருக்கிறது என்று கத்தினாள். நாங்கள் பார்த்தோம். முத்திரை மேலே வலது மூலையில் ஒழுங்காகத்தான் இருந்தது.

லூர்தெஸ் நகத்தால் முத்திரையைத் தட்டினாள். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஈரத்தில் மை மறுபக்கத்துக்கு ஊறித் தெரிகிறது. சுற்றிவர இருந்த எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிக் கிடந்தன. நாங்கள் இருவரும் நடுவில் இருந்த சிலுவையை மட்டும் பார்த்து மடித்திருக்கிறோம். சிலுவை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சிலுவைதான்.

லூர்தெஸ் வசைபாடிவிட்டுப் போய்விட்டாள். நான் துணிகளைப் பிரிக்கத் தொடங்கினேன். சிவகலா ஒரு துணியை விளக்குக்கு நேரே பிடித்தபடி நின்றாள்.

"பிடியும் பிள்ளை, அவ திரும்ப வரப்போறா."

"அக்கா, எழுத்து மாறினா எல்லாருக்கும் தெரியும். சிலுவை மாறினா ஒருத்தருக்கும் தெரியாது."

"அதுதானே இப்ப பேச்சு வாங்கினம்."

"முக்கோணமும் அப்பிடித்தான் அக்கா. புரட்டினாலும் முக்கோணம் முக்கோணந்தான்."

பிறகு துணியைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். அவர்களுக்கு அந்தப் பாடம் எடுத்த விரிவுரையாளர் நாட்டுக் குழப்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். கரும்பலகையில் எழுதிக் காட்ட ஆள் இல்லை. அவர் விட்டுப்போன குறிப்புகளை மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து ரோனியோ என்கிற படியெடுக்கும் இயந்திரத்தில் உருட்டிக் கொடுத்தார்கள். அதை வைத்துத் தாங்களாகவே படித்தார்கள். தட்டச்சு இயந்திரத்தில் முக்கோணம் இல்லை. அதற்கு இடம் விட்டுத் தட்டிவிட்டு, பிறகு ஊசிப்பேனையால் கையால் கீறுவார்கள்.

"ஆரோ மெழுகுத்தாளைப் புரட்டி வைச்சுக் கீறியிருக்கினம். எழுத்தெல்லாம் முன்பக்கத்தால தட்டினது, அது சரியா வந்திட்டுது. முக்கோணம் மட்டும் பின்பக்கத்தால கீறினது. எங்கட வகுப்பு முழுக்க அதைப் பாத்துத்தான் படிச்சது." அவள் சிரிக்கத் தொடங்கினாள். "முனை மட்டுந்தான் பிழை அக்கா. கணக்கில பிழையில்லை."

அப்படித்தான் நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல யாரும் இல்லை. அந்தத் தாள்களும் இல்லை. ஆனால் அவளுக்கு அது போதுமாக இருந்தது. மடித்து முடித்ததும் மேசையில் பழையபடி ஒரு முக்கோணம் கீறினாள், பார்த்தாள், அழித்தாள், மற்றப் பக்கம் கீறினாள். அந்தப் பழக்கம் தொடங்கியது அன்றைக்குத்தான்.

கிழிந்த துணி ஒன்றைத் தரமுடியுமா என்று லூர்தெஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த புதன்கிழமை தனியே போனாள். அன்று நடந்ததை இராஜேந்திரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேராசிரியரை அறையில் காணாமல் அவள் நேரே கன்ரீனுக்கே வந்துவிட்டாளாம். இவர் கோப்பை வைக்கிற யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"அந்தாள் சாப்பாட்டை விட்டிட்டு எழும்பி நிண்டு, பச்சைத் துணியைத் தண்ணியில தோய்ச்சு வெளிச்சத்துக்குப் பிடிக்கிறார். ஒருக்கா இந்தப் பக்கம், ஒருக்கா அந்தப் பக்கம். சனமெல்லாம் பாக்குது. பிறகு சிரிச்சார் பாருங்கோ."

"இந்தமுறை எந்தச் சாதி?"

"இவவும் சேர்ந்து சிரிச்சவ அக்கா. அப்ப நல்ல சாதியாத்தான் இருக்கவேணும்."

பேராசிரியர் தன்னுடைய தட்டை ஒதுக்கிவிட்டுப் பேனையை அவளிடம் கொடுத்தாராம். அந்தக் குலையாத கூட்டத்தைப் பற்றி ஒரு நிறுவலைக் கேட்டாராம், பிறகு இன்னொன்று. சிவகலா வாய் துடைக்கிற கடதாசிகளில் எழுதிக்கொண்டே போயிருக்கிறாள். நடுவில் இரண்டு இடத்தில் முக்கோணம் பழைய பக்கம் பார்த்துவிட்டதாம், வெட்டிவிட்டுத் திருத்தினாளாம். அவர் எல்லாவற்றையும் வாசித்து, அடுக்கி, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாராம். ஒன்றிலும் வாய் துடைக்கவில்லை என்று இராஜேந்திரன் அழுத்திச் சொன்னார்.

அன்று அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள். மிச்ச ஒரு வருடத்தை இங்கே படிக்கலாமா என்று. பேராசிரியர் தன்னால் முடிந்ததைச் செய்தார். மேலே உள்ளவர்களிடம் இரண்டு தரம் போய்க் கதைத்ததாக அறிந்தோம். முடிவு வர மாதங்கள் எடுத்தது. சான்றுகள் இல்லாதபடியால் மூன்று வருடத்தையும் கணக்கில் எடுக்கமுடியாது. பிரெஞ்சு மொழிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால் முதலாம் வருடத்திலிருந்து தொடங்கலாம்.

"திரும்ப அரிவரியில இருந்தோ?" என்றார் இராஜேந்திரன். பகிடியாகச் சொல்ல நினைத்திருப்பார். அது பகிடியாக வரவில்லை.

சிவகலா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். ஒரு வருடம் என்று கேட்கப் போனவளுக்கு நாலு வருடம் என்று பதில் வந்திருக்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு போய் இருக்கவேண்டும். தெரிந்ததையே தெரியாத மொழியில் திரும்பக் கேட்கவேண்டும். அந்தக் கோடை முழுவதும் அவள் ஒரு முடிவும் எடுக்கவில்லை. பேராசிரியரின் வகுப்புக்கு மட்டும், பதியாமல், பின் வாங்கில் இருந்து கேட்டுவிட்டு வருவாள். வந்து பின்னேர வேலைக்கு நிற்பாள்.

ஒரு நாள் பெரிய விரிப்பொன்றை நாங்கள் இருவரும் இழுத்து உதறிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அக்கா, என்ர இடத்தில நீங்களெண்டா என்ன செய்வியள்?"

நான் என் பக்கத் தலைப்பை இறுக்கிப் பிடித்தேன். 

"உம்மட முக்கோணம் மற்றப் பக்கம் திரும்பிறதுக்கு ரெண்டு கிழமைகூட எடுக்கேல்லை. அதுவும் மூண்டு வருசப் பழக்கம்" என்றேன்.

அவள் தன் பக்கத் தலைப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். மடிப்பு நேராக வந்தது.

"அரிவரியெண்டா அரிவரி" என்றாள். "முதல்ல இருந்து குறியைச் சரியாப் பழகினதாப் போகட்டும்."

பிரெஞ்சுப் பரீட்சையில் அவள் இரண்டாம் தரம்தான் சித்தியடைந்தாள். அதற்குள் இங்கே தங்கலாம் என்ற அனுமதி இருவருக்கும் கிடைத்துவிட்டது. எண்பத்தேழு இலையுதிர்காலத்தில் முதலாம் வருடத்தில் பெயர் பதிந்தாள். வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்டபோது லூர்தெஸ் முதலில் முடியாது என்றாள். பிறகு, துணியைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டால் தனக்குத்தான் தலையிடி என்று சொல்லிச் சம்மதித்தாள். முதலாம் வருடப் பரீட்சையில் கணிதம் எல்லாம் நன்றாக வந்தது. பௌதிகம் தவறிவிட்டது. விளங்காததால் இல்லை, பிரெஞ்சில் இருந்த கேள்வியை வாசித்து முடிக்க நேரம் காணவில்லை. அந்த வருடத்தை முழுவதும் திரும்பப் படித்தாள். இராஜேந்திரன் அந்த முறை வாயைத் திறக்கவில்லை. அவர் இப்போது கன்ரீனில் சமையல் பக்கம் நிற்கிறார். பேராசிரியரின் தட்டில் சோறு கொஞ்சம் கூட விழும்.

இது எண்பத்தொன்பது கார்த்திகை. அந்தப் பழைய மூன்று வருடத்தை இதுவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, இனி எடுக்கப்போவதும் இல்லை. சிவகலா இப்போது இரண்டாம் வருட மாணவி. வெள்ளி பின்னேரமும் சனிக்கிழமையும் என் எதிரே நின்று துணி மடிக்கிறாள்.